‘இதனாலதான் வந்துச்சு’ன்னு யார் நிரூபிக்கணும்?

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தாலோ, வயலில் மருந்து அடிக்கப் போறவங்க இருந்தாலோ முழுசா படிச்சிடுங்க. ரெண்டும் இல்லாதவங்களும் படிக்கலாம். உடம்புக்கு வந்த நோய்க்கு வேலைதான் காரணம்னு சொல்ல வேண்டிய நிலைமை யாருக்கு வேணும்னாலும் வரலாம்.

2/
கூத்தாநல்லூர். ஒரு திங்கட்கிழமை ஓ.பி. எழுபதைத் தொடப்போற ஒரு ஐயா வந்தார். பக்கத்து கிராமம். ராணுவத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துட்டு ஹவில்தாரா ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் இருபது வருஷம் தாண்டிடுச்சு. (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

வாசலில் இருந்து என் மேஜைக்கு வர்றதுக்குள் ரெண்டு தடவை நின்னார். மூச்சு இரைப்பு. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். திருவாரூர் மெடிக்கல் காலேஜில் ஸ்பைரோமெட்ரி எடுத்து உறுதி செஞ்ச சீட்டு கையில் இருக்கு. வாழ்க்கையில் ஒரு பீடி பிடிச்சதில்லை.

3/
இன்ஹேலர் எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கிக்கிட்டு எழுந்திருக்கல.

“டாக்டரம்மா, இது ராணுவத்துல இருந்தப்ப வந்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பென்ஷன் ஆபீஸ்ல கேக்குறாங்க.”

பனிமலை போஸ்டில் இருந்த கதையைச் சொன்னார். கூடாரத்துக்குள்ள குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு. ராத்திரி பகல் எரியும். கதவைத் திறந்தா குளிர், மூடினா புகை. “காலைல துப்புனா கறுப்பா வரும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் வரும். அதை யாரும் நோயாவே நெனைக்கல.” சர்வீஸின் கடைசி வருஷங்களில் இருமலுக்காக ரெண்டு மூணு தடவை ராணுவ மருத்துவமனைக்குப் போயிருக்கார். மருந்து கொடுத்து அனுப்பிட்டாங்க. ஓய்வு பெறும்போது எடுத்த மெடிக்கலில் ‘ஃபிட்’.

4/
நான் சொன்னது: “ஐயா, உங்களுக்கு சி.ஓ.பி.டி. இருக்குன்னு எழுதலாம். மண்ணெண்ணெய்ப் புகையாலதான் வந்துச்சுன்னு என்னால எழுத முடியாது.”

மருத்துவமா அது சரிதான். மூடின இடத்தில் புகையை வருஷக்கணக்கா சுவாசிச்சா சி.ஓ.பி.டி. வரும்னு பாடப்புத்தகமே சொல்லுது. ஆனா ஊருக்கு வந்த பிறகு வீட்டில் விறகடுப்பு இருந்திருக்கு. அறுப்புத் தூசி இருக்கு. சம்பாவுக்கு அவரே மருந்தும் அடிச்சிருக்கார். நுரையீரலைப் பார்த்து, இந்தப் பங்கு பனிமலைப் புகை, இந்தப் பங்கு விறகடுப்புன்னு பிரிச்சுச் சொல்ற டெஸ்ட் உலகத்தில் எங்கேயும் இல்லை.

5/
அவர் கோபப்படல. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க எழுத முடியாதுன்னா, வேற யாரும்மா எழுதுவா?”

என்கிட்ட பதில் இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அந்தக் கேள்வி மண்டையை விட்டுப் போகல. அதுக்கப்புறம்தான் இந்த விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதில் புரிஞ்ச ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த த்ரெட்டே: ‘இதனால்தான் வந்தது’ன்னு டாக்டர் நிரூபிக்க முடியுமாங்கிறது இங்கே தப்பான கேள்வி. யாராலும் உறுதியாச் சொல்ல முடியாதப்போ, அந்த ‘தெரியாது’வின் நஷ்டம் யார் தலையில் விழணும்? நோயாளி தலையிலா, வேலை வாங்கினவங்க தலையிலா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

6/
நம்ம ராணுவ விதிகள் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் ரொம்ப நியாயமா பதில் சொல்லியிருக்கு. 1982-ல் வந்த இயலாமை ஓய்வூதியத் தகுதி விதிகள். சுருக்கமா இதுதான்:

ராணுவத்தில் சேரும்போது உடம்பைப் பரிசோதிச்சுத்தான் எடுக்கறாங்க. அப்போ நோய்னு எதுவும் குறிக்கலைன்னா, ஆள் நல்லாத்தான் இருந்தார்னு அர்த்தம். பின்னாடி நோயால் வெளியே அனுப்பப்பட்டா, அந்த நோய் சர்வீஸால் வந்ததுன்னே வெச்சுக்கணும். இல்லைன்னு சொல்ற மெடிக்கல் போர்டு காரணத்தை எழுதணும். சிப்பாய் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தா அதன் பலன் அவருக்கே.

7/
விதி நல்லா இருந்து என்ன, நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே. தரம்வீர் சிங் வழக்கைப் பாருங்க. 1985-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 1994-ல் வலிப்பு நோய்க்காக வெளியே அனுப்பிட்டாங்க. இயலாமை 20 சதவீதம். “இது பிறவி உடல்வாகு சார்ந்தது, சர்வீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை”ன்னு போர்டு எழுதிடுச்சு. ஏன் அப்படின்னு காரணம் எழுதல. பென்ஷன் கிடையாது.

2013 ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு. சேரும்போது நோய்க் குறிப்பு இல்லைன்னா சர்வீஸால் வந்ததாத்தான் கொள்ளணும். இல்லைன்னு காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது. காரணம் சொல்லாத போர்டு கருத்து செல்லாதுன்னு. அதுக்கு அவர் காத்திருந்தது 19 வருஷம். இன்னைக்கும் முன்னாள் படைவீரர்களின் வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டறாங்க.

8/
இயலாமை ஓய்வூதியத்துக்கு ரெண்டு படி உண்டு. முதல் படி, நோய் சர்வீஸால் வந்ததா, இல்லை சர்வீஸால் அதிகமானதா. ரெண்டாவது படி, இயலாமை எத்தனை சதவீதம். பொதுவா 20 அல்லது அதுக்கு மேல் இருக்கணும். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கின் தீர்ப்பு சதவீதக் கணக்கையும் லேசாக்கிடுச்சு. 50-க்குக் கீழே இருந்தா 50-ஆ, 50 முதல் 75 வரைக்கும் 75-ஆ, அதுக்கு மேல் 100-ஆ எடுத்துக்கணும்.

அதனால் பெரும்பாலும் ஆள் தடுக்கி விழறது முதல் படியில்தான். ‘சர்வீஸால் வந்ததா?’

9/
குண்டடி பட்டவருக்கு இந்தப் படியில் பிரச்சினை குறைவு. தேதி இருக்கு, இடம் இருக்கு, பார்த்த ஆள் இருக்கு. நச்சுப் பொருள் அப்படி இல்லை. அது உள்ளே போகும்போது வலிக்காது. நோய் தெரியறப்போ ஆள் ஊருக்கு வந்து பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

பழைய கப்பல்களின் இன்ஜின் அறையில் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் சுத்தியிருப்பாங்க. அந்தத் தூசியால் வர்ற மீசோதீலியோமா புற்றுநோய் வெளியே தெரிய 20 முதல் 40 வருஷம், சில சமயம் அதுக்கும் மேலே ஆகும். பாறை உடைக்கிற இடத்தில் இருந்தவருக்கு சிலிக்கா தூசியால் வர்ற சிலிகோசிஸ், பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல். பென்சீன் கலந்த எரிபொருளும் கரைப்பானும் புழங்கின மெக்கானிக்குக்கு ரத்தப் புற்றுநோய், வருஷங்கள் கழிச்சு.

10/
இப்போ 2008-ல் திருத்தி வந்த விதிகளைப் பாருங்க. சிப்பாய் சாதாரணமா எதையும் நிரூபிக்க வேண்டாம்னு அதுவும் சொல்லுது. ஆனா வெளியே வந்து 15 வருஷம் கழிச்சு, சர்வீஸ் ஆவணங்களை அழிச்ச பிறகு கேட்டா, நிரூபிக்கிற பொறுப்பு அவர் மேல். ஓய்வு பெற்ற பிறகு தெரியவர்ற நோய்னா, ஏழு வருஷத்துக்குள் தெரிஞ்சிருக்கணும். அதுவும் சர்வீஸில் தொடங்கினதுன்னு மருத்துவ ரீதியா நிறுவணும்.

காகிதத்தை வெச்சிருந்தது அவங்க. காலக்கெடு முடிஞ்சதும் அழிச்சதும் அவங்க. அதுக்கப்புறம் “காகிதம் எங்கே?”ன்னு கேட்கிறது ஐயாகிட்ட. நோய் வெளியே வர 30 வருஷம் ஆகுது. விதியோட கடிகாரம் ஏழிலும் பதினஞ்சிலும் நின்னு போகுது. இந்த விதியை எழுதினப்போ குண்டுக் காயத்தை நினைச்சிருப்பாங்க. விஷத்தை யாரும் நினைக்கல.

(2023 செப்டம்பரில் விதிகள் மறுபடி மாறியிருக்கு. யாருக்கு எந்த விதின்னு அவர் சர்வீஸை விட்டு வந்த வருஷத்தைப் பொறுத்து மாறும். ‘எல்லாருக்கும் ஒரே ரூல்’னு வாட்ஸப்பில் வர்றதை நம்பாதீங்க.)

11/
காகிதம் இல்லைன்னா என்ன ஆகும்னு நம்ம நாட்டு சரித்திரத்திலேயே ஒரு சம்பவம் இருக்கு.

1930-களில் தொடங்கி பத்து வருஷத்துக்கும் மேல், ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இந்தியச் சிப்பாய்கள் மேல் மஸ்டர்ட் வாயுவைச் சோதிச்சுப் பார்த்தாங்க. நூத்துக்கணக்கான பேர். இந்தியத் தோலில் பிரிட்டிஷ்காரங்க தோலைவிட அதிகமா புண்ணாகுதான்னு தெரிஞ்சுக்கிறதும் ஒரு நோக்கம். சிலர் கடுமையான தீப்புண்களோட மருத்துவமனையில் கிடந்திருக்காங்க. 2007-ல் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகக் கோப்புகளை வெச்சு கார்டியன் பத்திரிகை எழுதினப்போதான் இது வெளியே வந்துச்சு.

மஸ்டர்ட் வாயு நுரையீரலையும் கண்ணையும் நிரந்தரமா கெடுக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும். ஆனா சோதனைக்கு அப்புறம் அந்தச் சிப்பாய்கள் என்ன ஆனாங்கன்னு யாரும் பின்தொடர்ந்து பார்த்த தடயம் அந்தக் கோப்புகளில் இல்லை. ஊருக்கு வந்து இருமி இருமிச் செத்திருந்தா, பக்கத்து வீட்டில் ‘டிபி’ன்னு சொல்லியிருப்பாங்க.

12/
அமெரிக்காவும் லேசில் ஒத்துக்கல. 1962 முதல் 1971 வரை வியட்நாம் காடுகள் மேல் 7 கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லியைத் தெளிச்சாங்க. அதில் பெரும்பங்கு ஏஜெண்ட் ஆரஞ்ச். அதில் டையாக்சின்ங்கிற நஞ்சு கலந்திருந்துச்சு. திரும்பி வந்த சிப்பாய்களுக்குப் புற்றுநோய் வந்தப்போ “உன் மேல் பட்டதுக்கு என்ன ஆதாரம்?”னு கேட்டாங்க.

1991-ல் ஒரு சட்டம் வந்துச்சு. அந்தக் காலத்தில் வியட்நாம் மண்ணில் இருந்தியா? அப்போ உன் மேல் பட்டதுன்னு வெச்சுக்கிறோம். பட்டியலில் இருக்கிற நோய் வந்திருக்கா? அப்போ அதனால்தான் வந்ததுன்னு வெச்சுக்கிறோம். முடிஞ்சது. டிரம்மைத் தொட்டதுக்கு சாட்சி தேவையில்லை.

13/
அடுத்தது ஈராக், ஆப்கானிஸ்தான். முகாம் குப்பை, பிளாஸ்டிக், பேட்டரி எல்லாத்தையும் பெரிய குழியில் போட்டு எரிச்சாங்க. அந்தப் புகையால் நோய் வந்ததுன்னு கேட்ட கோரிக்கைகளில் நான்கில் மூணுக்கு மேல் நிராகரிப்பு. மறுபடி பல வருஷப் போராட்டம். 2022 ஆகஸ்டில் ‘பேக்ட்’ சட்டம் வந்துச்சு. இருபதுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு ‘நிரூபிக்க வேண்டாம்’ பட்டியல்.

எனக்கு இதைவிட முக்கியமாத் தெரிஞ்சது 1994-ல் வந்த சட்டம். 1991 வளைகுடாப் போரில் இருந்து வந்தவங்களுக்குத் தலைவலி, சோர்வு, மூட்டு வலி, மறதி. எந்த டெஸ்டிலும் எதுவும் சிக்கல. டாக்டர்களால் நோய்க்கு ஒரு பேர்கூட வைக்க முடியல. “கண்டுபிடிக்க முடியாத நோயா இருந்தாலும் உதவித்தொகை கொடு”ன்னு சட்டம் போட்டாங்க. டாக்டரோட ‘தெரியாது’வை நோயாளிக்கு எதிரான தீர்ப்பா எடுத்துக்கக்கூடாதுன்னு ஒரு நாடாளுமன்றம் ஒத்துக்கிட்ட இடம் அது.

14/
இதுக்கு வர்ற பதில் தெரியும். “இப்படித் திறந்துவிட்டா எல்லாரும் பொய் சொல்லிப் பணம் வாங்குவாங்க.”

வாங்கற ஆளும் இருப்பாங்க. நான் ஓ.பி.யில் உட்கார்ற ஆள். லீவுக்காக வர்ற வயித்துவலியையும் நிஜமான வயித்துவலியையும் தினம் பார்க்கிறேன். ஆனா ஏமாத்தறதைத் தடுக்க இடம் ரெண்டாவது படி: இயலாமை எவ்வளவுன்னு ஒழுங்கா அளக்கிறது. ஸ்பைரோமெட்ரியில் ஆள் ஊதற காத்தின் அளவு வரைபடமா வந்துடும். சரியா ஊதலைன்னா அதுவும் அதிலேயே தெரியும். கறாரா அளங்க, தப்பில்லை. உலகத்தில் யாராலும் நிரூபிக்க முடியாத ஒண்ணை நிரூபின்னு மூச்சு வாங்கற மனுஷன்கிட்ட கேட்கிறதுக்குப் பேர் கண்டிப்பு இல்லை.

15/
இதுவரைக்கும் படிச்சவங்க, ‘சரி, ராணுவத்துக்காரங்க விஷயம்’னு நினைச்சிருக்கலாம். அன்னைக்கு ஐயாவுக்கு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்னு சொன்னேன் இல்லையா? அந்த ஆளைப் பத்தியும் சொல்லணும்.

நாற்பது வயசு அண்ணன். கூலிக்கு மருந்து அடிக்கிறவர். குறுவை, சம்பா, தாளடின்னு வருஷம் பூரா. இன்னைக்கு ஒருத்தர் வயல், நாளைக்கு வேற ஒருத்தர் வயல். கூலி டேங்க் கணக்கு. இருபது வருஷமா முதுகில் டேங்க். கையுறை கிடையாது, மாஸ்க் கிடையாது, துண்டுதான் முகத்தில். இப்போ ரெண்டு காலும் மரத்துப் போகுது, கை நடுங்குது, செருப்பு கழண்டு விழுந்தா தெரியல. சர்க்கரை இல்லை. குடி இல்லைன்னு அவர் மனைவியே சொல்றாங்க.

16/
இவரை ஏன் இந்தப் பேச்சில் கொண்டு வர்றேன்னா, போர்க்களத்து விஷமும் வயல்காட்டு விஷமும் நெருங்கின சொந்தம்.

1930-களில் ஜெர்மனியில் ஷ்ராடர்னு ஒரு வேதியியலாளர் பூச்சிகளைக் கொல்ல மருந்து தேடிக்கிட்டிருந்தார். ஆர்கனோபாஸ்பேட் வகை வேதிப்பொருட்களில் வேலை செய்யும்போது கிடைச்சதுதான் டாபுன், அடுத்து சாரின். ரெண்டும் நரம்பு வாயு ஆயுதங்கள். நம்ம வயல்களில் பல வருஷமா புழங்கின மோனோகுரோட்டோபாஸும் குளோர்பைரிபாஸும் அதே குடும்பம். வீரியம் வேற, ஆனா உடம்புக்குள் முடக்கிறது அதே நொதியைத்தான், அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். சாரின் பட்ட சிப்பாய்க்குப் போடற அட்ரோபின் ஊசியைத்தான் மருந்து குடிச்சிட்டு வர்றவங்களுக்கு நாங்களும் போடறோம்.

17/
இந்த அண்ணனுக்குச் சட்டம் என்ன சொல்லுது? காகிதத்தில் நல்லாவே சொல்லுது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்சார் நோய்கள் பட்டியல் இருந்துச்சு. அதில் பாஸ்பரஸ் நச்சுச் சேர்மங்களால் வர்ற நோய்களும் இருந்துச்சு. பட்டியலில் இருக்கிற நோய் வந்தா வேலையில் நடந்த விபத்து மாதிரியே எடுத்துக்கணும். அமெரிக்கா 1991-ல் கண்டுபிடிச்சதை நம்ம சட்டம் அதுக்கு ரொம்ப முன்னாடியே எழுதி வெச்சிருக்கு! அதோட இடத்தை எடுத்துக்க 2020-ல் நிறைவேத்தின சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பட்டியல் வருது.

ஆனா ஒரு நிபந்தனை. இந்த வகை நோய்க்கு, ஒரே முதலாளிகிட்ட தொடர்ந்து ஆறு மாசம் வேலை பார்த்திருக்கணும். வேற முதலாளிகிட்ட பார்த்த நாள் கணக்கில் வராது.

டேங்க் கணக்குக்கு மருந்து அடிக்கிறவருக்கு ஏதுங்க ஒரே முதலாளி? ஆறு மாசத்தில் அறுபது வயல் மாறுவார். விஷம் ஒண்ணுதான், முதலாளிதான் அறுபது. சட்டத்தின் கண்ணில் அவருக்கு முதலாளியே இல்லை.

18/
வியட்நாமிலும் இதேதான் நடந்துச்சு. ஏஜெண்ட் ஆரஞ்ச் வழக்கில் 1984-ல் அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ரசாயனக் கம்பெனிகள் 18 கோடி டாலருக்குச் சமரசம் செஞ்சாங்க. அதே மருந்து தலையில் கொட்டின வியட்நாம் மக்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டப்போ, 2005 மார்ச்சில் தள்ளுபடி. சமரசத்தை நடத்தி வெச்சதும், தள்ளுபடி செஞ்சதும் ஒரே நீதிபதி.

சீருடை போட்டவருக்குப் பத்து வருஷம் இருபது வருஷம் கழிச்சாவது கதவு திறக்குது. சீருடை இல்லாதவருக்குக் கதவே வைக்கல. சீருடைக்காரருக்குக் கொடுக்காதீங்கன்னு நான் சொல்லல. கதவை எப்படி வைக்கணும்னு அவர் விஷயத்தில் கத்துக்கிட்டோம். அதையே மத்தவங்களுக்கும் வைங்கன்னு சொல்றேன்.

19/
இந்தியாவில் முடியாதான்னா, முடிஞ்சிருக்கு. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் இருபது வருஷத்துக்கும் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளிச்சாங்க. ஒவ்வொரு குழந்தையும் ‘என் குறைபாடு இதனால்தான்’னு நிரூபிக்கணும்னு கேட்டிருந்தா ஒருத்தருக்கும் ஒரு பைசா கிடைச்சிருக்காது. அரசே மருத்துவ முகாம் நடத்தி, பல துறை டாக்டர்களை உட்கார வெச்சுப் பட்டியல் எடுத்துச்சு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவங்களுக்கு தலா 5 லட்சம் ரூபாயை மூணு மாசத்தில் கொடுன்னு கேரள அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. கொடுக்கறதில் இழுத்தடிச்சாங்க, அது வேற சோகம். ஆனா வழி தெளிவா இருந்துச்சு: இடம், காலம், நோய். மூணும் பொருந்தினா போதும்.

ராஜஸ்தான் 2019-ல் சிலிகோசிஸுக்குத் தனிக் கொள்கை கொண்டு வந்துச்சு. நோயை உறுதி செஞ்சா 3 லட்சம், இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம், அரசு நிதியில் இருந்து. ‘உன் முதலாளி யாரு, ஹாஜர் சீட்டு எங்கே’ன்னு கேட்டு அலையவிடாம இருக்க ஒரு வழி இது.

20/
அதனால் நான் கேட்கிறது மூணு விஷயம்.

ஒண்ணு: ராணுவத்தில் எந்தெந்த வேலையில், எந்தெந்த இடத்தில், எந்த நச்சுக்கு ஆளானாங்கன்னு ஒரு பட்டியல் வேணும். அதுக்குப் பொருந்துற நோய் வந்தா, ஏழு வருஷம், 15 வருஷக் கெடு பார்க்காம ஏத்துக்கணும். சர்வீஸ் மருத்துவ ஆவணங்களை அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் அழிக்கக்கூடாது. டிஜிட்டல் காலத்தில் இதுக்கு இடம் இல்லைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

ரெண்டு: வயலில் மருந்து அடிக்கிற கூலித் தொழிலாளிக்கு அந்த ‘ஒரே முதலாளி, ஆறு மாசம்’ நிபந்தனையை எடுத்துட்டு, மாநில அரசு நிதியில் இருந்து உதவி. டெல்டாவில் இருந்தே தொடங்கலாம்.

மூணு: இது எங்களுக்கு, டாக்டர்களுக்கு. நாங்க ஒழுங்கா எழுதணும்.

21/
மூணாவதைக் கொஞ்சம் விளக்கணும். 1700-ல் இத்தாலியில் ராமஸ்ஸினின்னு ஒரு டாக்டர் தொழில் நோய்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட நாம கேட்கிற கேள்விகளோட ‘நீ என்ன வேலை பார்க்கிறே?’ன்னு ஒண்ணையும் சேர்த்துக்கோங்கன்னார். முந்நூறு வருஷம் தாண்டிடுச்சு. எங்க ஓ.பி. சீட்டில் அந்த இடத்தில் இன்னும் ‘கூலி’ன்னு ஒரு வார்த்தைதான் இருக்கும். பாதி நேரம் அதுவும் இருக்காது. நூத்தம்பது பேர் நிற்கும்போது நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன்.

‘கூலி’ன்னு எழுதின சீட்டு பின்னாடி எந்த ஆபீஸிலும் செல்லாது. ‘20 வருடங்களாகப் பூச்சிக்கொல்லி தெளிப்பவர், பாதுகாப்புக் கருவி இல்லை, சர்க்கரை நோய் இல்லை, மதுப்பழக்கம் இல்லை’ன்னு எழுத அரை நிமிஷம் அதிகம். அந்த அரை நிமிஷம் அவர் கையில் இருக்கிற ஒரே ஆவணமா ஆகலாம்.

22/
‘இதனால்தான் வந்தது’ன்னு பொய்யா எழுத வேண்டாம். ‘இதனால் வந்ததுன்னு சொல்ல முடியாது’ன்னு கையைக் கழுவவும் வேண்டாம். நடுவில் உண்மையான ஒரு வரி இருக்கு:

‘இவருக்கு இந்த நோய் உள்ளது. இன்ன வேலையில், இத்தனை ஆண்டுகள், இன்ன பொருளுக்கு ஆளானதாகக் கூறுகிறார். அந்தப் பொருள் இந்த நோயை உண்டாக்கக்கூடியது. புகைப்பழக்கம் இல்லை.’

இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. மத்த காரணங்கள் இருந்தா அதையும் எழுதலாம், எழுதணும். முடிவு சொல்ல வேண்டியது போர்டும் தீர்ப்பாயமும். அவங்க முன்னாடி வைக்க ஒரு உண்மையைக் கொடுக்கறது நம்ம வேலை.

23/
முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குச் சில நடைமுறை விஷயம்:

– டிஸ்சார்ஜ் புக், ஓய்வு பெறும்போது எடுத்த மெடிக்கல் போர்டு பேப்பர், ராணுவ மருத்துவமனைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. நகல் எடுத்து, போனிலும் படம் எடுத்து வைங்க.
– கையில் இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்க. அழிச்சாச்சுன்னு பதில் வந்தா அதையும் எழுத்தில் வாங்கி வைங்க.
– கோரிக்கையை நிராகரிச்சா அதோட முடியல. மேல்முறையீடு ரெண்டு படி உண்டு. அதுக்கப்புறம் ஆயுதப் படைத் தீர்ப்பாயம், சென்னையிலேயே அமர்வு இருக்கு. நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கான்னு முதலில் பாருங்க.
– வழி தெரியலைன்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்க. புரோக்கர்கிட்ட போகாதீங்க.
– எந்த டாக்டர்கிட்ட போனாலும், எந்த வேலை, எந்த ஊர், எத்தனை வருஷம்னு நீங்களே சொல்லி எழுதச் சொல்லுங்க. கேட்க மாட்டாங்கன்னு விட்டுடாதீங்க.

24/
அந்த ஐயாவை அடுத்த மாசம் இன்ஹேலர் வாங்க வந்தப்போ நானே கூப்பிட்டு உட்கார வெச்சேன். நாலு வரி எழுதி, சீல் வெச்சுக் கொடுத்தேன். படிச்சுக் காட்டச் சொன்னார். காட்டினேன். “இது செல்லுமாம்மா?”ன்னார். “தெரியாது ஐயா. உங்க கேஸ் கஷ்டம்தான், வருஷம் ரொம்ப ஆயிடுச்சு. ஆனா இதில் எழுதியிருக்கிறது எல்லாம் உண்மை”ன்னேன்.

மடிச்சு டிஸ்சார்ஜ் புக்குக்குள்ள வெச்சுக்கிட்டார். மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கு.

மருந்து அடிக்கிற அண்ணனுக்கும் அதே மாதிரி நாலு வரி எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்துட்டு, “இதை எங்கம்மா குடுக்கணும்?”னு கேட்டார்.

அதுக்குத்தான் இன்னும் ஒரு இடம் இல்லை.